விலங்குகளுக்கு உணவளிக்காதீர்

"தேதி சொல்லுங்க சார்."

அறையில் மின்விசிறி மட்டும்தான் தைரியமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் நின்றுவிட்டது. இயக்குநரின் தேநீர்க் கோப்பை உதட்டுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றது. கதவோரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உதவியாளர் அக்காவின் பேனா நின்றது. 'போச்சு, இந்தப் பொண்ணு கேட்டுட்டா' என்பது போல அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா அவளை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தியிருந்தாள். "இங்க பாரு, நாற்காலி ஆடுதுன்னு கேளு, தருவாங்க. லீவு கேளு, தருவாங்க. மைக்ராஸ்கோப்பே கேளு, வாங்கித் தந்துட்டு அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. ஆனா எந்த வேலையையும் 'எப்ப'ன்னு மட்டும் கேட்டுடாதே. இந்தக் கட்டடத்துல அது கெட்ட வார்த்தை."

அவளும் இத்தனை நாள் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தெருவில் அவளுக்குப் பெயரே 'பட்டதாரி'. கடைக்காரர் முதல் தண்ணீர் லாரி ஓட்டுநர் வரை "என்ன பட்டதாரி, காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாயை அடக்குவது சுலபமில்லை. இன்றைக்கு அணை உடைந்துவிட்டது.

"என்ன தேதிம்மா?" என்றார் இயக்குநர், காது கேட்காதவர் போல.

"வாயாடிக்கு எந்த மருந்து ஒத்துக்கும்னு சோதிக்கிற தேதி சார். செல் ரெடி. மருந்து ரெடி. நானும் ரெடி. இந்த வாரமா, அடுத்த வாரமா?"

இயக்குநர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். அவரோ பஞ்சுமெத்தை மாதிரி மனிதர். எங்கே குத்தினாலும் உள்ளே போய்விட்டு, கையை எடுத்ததும் பழையபடி உப்பிக்கொள்வார்.

"உக்காரும்மா" என்றார். "தேதின்னா என்ன? ஒரு தேதியைச் சொல்லிட்டா அந்தத் தேதி வந்துடும். வந்துட்டா நாம ஏதாவது செஞ்சாகணும். செஞ்சா அது தப்பாவும் வரலாம், சரியாவும் வரலாம். தப்பா வந்தா மையத்துக்குக் கெட்ட பேரு. சரியா வந்துட்டா இன்னும் மோசம். நோய் தீந்துடும். நோய் தீந்துட்டா, இவ்வளவு பெரிய மையம் எதுக்குன்னு ஒருத்தன் கேப்பான். யோசிச்சுப் பாத்தியா?"

"இல்ல சார். நான் நீர்நாயைப் பத்தித்தான் யோசிச்சேன்."

"சின்ன வயசு" என்று அக்காவைப் பார்த்துப் பரிவோடு சொன்னார் இயக்குநர். "எல்லாம் உரிய காலத்துல நடக்கும்மா. போய் வேலையைப் பாரு."

அந்த மையத்தின் பெயரை ஒரே மூச்சில் சொன்னவர் யாரும் இல்லை. 'அழிவின் விளிம்பிலுள்ள வன உயிரினங்களின் நோய்த்தடுப்புக்கான உயர்நிலைக் குருத்தணு ஆய்வு' என்பது வரைதான் முன்பக்கச் சுவரில் இடம் இருந்தது. 'மையம்' என்பதைப் பக்கவாட்டுச் சுவரில் எழுதியிருந்தார்கள். கட்டடத்தின் மூலையைச் சுற்றி வந்து படித்தால்தான் வாக்கியம் முடியும்.

மையத்துக்குப் பின்னால், ஒரு சந்து தாண்டி, தகரக் கூரை போட்ட விலங்கு மருத்துவக் கொட்டகை இருந்தது. அது வேறு துறை, வேறு வாசல். அங்கேதான் வாயாடி இருந்தாள். ஆற்றில் மிஞ்சியிருக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய நீர்நாய்களில் ஒருத்தி. கொண்டுவந்த புதிதில் கீச்கீச்சென்று கத்தி, வருகிறவன் போகிறவனையெல்லாம் திட்டித் தீர்த்ததால் அந்தப் பெயர். இப்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே சங்கடமாக இருந்தது. வாய்க்குள் புண் வெடித்து, நாக்கு வீங்கி, அவள் கத்துவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த அவளுடைய சொந்தபந்தம் முழுவதும் இதே நோயில்தான் போனது.

மருந்து இல்லாமல் இல்லை. மூன்று இருந்தன. அவற்றில் ஒன்று கிருமியைக் கொல்லும். ஒன்று கிருமியை விட்டுவிட்டு நீர்நாயைக் கொல்லும். இன்னொன்று இரண்டையும் கொன்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். எது எதுவென்று மட்டும் யாருக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் நாலு விலங்கின் மேல் மருந்தைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. தெரிந்துகொண்ட பிறகு வைத்தியம் பார்க்க விலங்கு வேண்டுமே!

அதற்காகத்தான் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல். வாயாடியின் காதோரத்தில் கடுகளவு தோல் எடுத்து, அந்தத் தோலின் உயிரணுக்களுக்கு வயதைக் குறைத்து, பெரியவர்களானதும் என்னவாகப் போகிறோம் என்று முடிவுசெய்யாத குழந்தைப் பருவத்துக்கு அவற்றைத் திருப்ப வேண்டும். பிறகு கொஞ்சியும் கெஞ்சியும் மிரட்டியும் வாயின் உள்தோலாக வளர வைக்க வேண்டும். வளர்ந்துவிட்டால் உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டில் வாயாடியின் வாய் கிடைத்துவிடும். நோயை அதில் விட்டு, மருந்தை அதில் ஊற்றிப் பார்க்கலாம். தோற்றால் போவது ஒரு தட்டு, நீர்நாய் இல்லை.

பட்டதாரி அதைச் செய்துகாட்டிவிட்டாள். முதல் ஐந்து முறை அணுக்கள் வாய்த்தோலாக வளராமல், எதிலும் சேராத மாமன் மச்சான் மாதிரி ஓரமாக ஒதுங்கிக்கொண்டன. அடுத்த முறை பூஞ்சை புகுந்தது. அதற்கடுத்த முறை வளர்ந்தது. இருபது தட்டு நிறைய, இளஞ்சிவப்பு ஊட்டக் குழம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத நீர்நாய் வாய்கள். அவள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் தனியறையில் ஒரு குத்தாட்டம் போட்டாள். யாரும் பார்க்கவில்லை.

அங்கேதான் சனி பிடித்தது.

அந்தச் சமயம் பார்த்து, மையத்தின் கட்டடத்தைப் பக்கத்துப் பல் மருத்துவமனை கேட்டுக்கொண்டிருந்தது. வன உயிரினக் காப்பு மையம் என்றால் இருபதுக்கு மேல் விலங்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டடம் பல்லுக்குப் போகும் என்பது மேலிடத்து உத்தரவு. மையத்திடம் இருந்த விலங்குகள் பூஜ்யம். வாயாடிகூடப் பக்கத்துத் துறைக்காரி.

இயக்குநர் எல்லா ஊழியர்களையும் கூட்டி வைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"ஒரே ஒரு செல்லுக்குள்ள முழு நீர்நாயும் அடங்கியிருக்குன்னு பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. வாலு உள்ள இருக்கு. மீசை உள்ள இருக்கு. நீந்துற திறமை உள்ள இருக்கு. அப்படின்னா தட்டுல இருக்கிறது என்ன? நீர்நாய்! ஒரு தட்டுல லட்சக்கணக்கான நீர்நாய்னுகூடச் சொல்லலாம். ஆனா நாம அடக்கமான நிறுவனம். ஒரு தட்டுக்கு ஒரு நீர்நாய்னு மட்டும் வெச்சுக்குவோம். இருபது தட்டு, பின்னாடி இருக்கிற பெரியது ஒண்ணு. மொத்தம் இருபத்தொண்ணு!"

கைத்தட்டலில் கண்ணாடிகள் அதிர்ந்தன. பல் மருத்துவமனை பின்வாங்கியது. அடுத்த நாள் செய்தித்தாளில் 'ஆய்வகத்தில் இருபது நீர்நாய்க் குட்டிகள்' என்று வந்தது. பட்டதாரியின் அப்பா அதை வெட்டித் தன் பஞ்சர் கடைச் சுவரில், டயர் விளம்பரத்துக்கு மேலே ஒட்டினார்.

"இருபதும் உன் கையில பொறந்ததாமே? நல்லா ஓடியாடி விளையாடுதுங்களா?" என்று கேட்டார்.

"தட்டுப்பா. அது தட்டு."

"தட்டுல ஏன் வெச்சிருக்கீங்க? கூண்டு வாங்கித் தர மாட்டேங்கிறாங்களா?"

அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. படித்தவர்களே அந்தக் கேள்விக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

விலங்கு என்று சொல்லிவிட்டால் விலங்குக்கான விதிகளும் வரிசையில் வந்து நிற்குமல்லவா? முதலில் கழுத்துப்பட்டை வந்தது. கழுத்து இல்லாததால் ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் எண் போட்ட ரப்பர் வளையத்தை மாட்டினார்கள். பிறகு இயற்கைச் சூழல் வந்தது. அணுக்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் வெப்பப்பெட்டியின் உட்சுவரில் ஆறும் நாணலும் வரைந்த தாள் ஒன்றை ஒட்டினார்கள். நாணலுக்குள் ஓவியர் தன் விருப்பத்துக்கு ஒரு முதலையையும் சேர்த்திருந்தார். 'விலங்குகள் அஞ்சக்கூடும்' என்று கருத்து வந்ததால் முதலையின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். விலங்குகளை ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கொண்டுபோக, பேட்டரியில் இயங்கும் பயண வெப்பப்பெட்டி ஒன்றும் வாங்கினார்கள். அதன் மூடியில் சிரிக்கும் நீர்நாய் படம் இருந்தது.

அதற்குப் பிறகு பலகை வந்தது. வெப்பப்பெட்டியின் கதவில் பெரிய எழுத்தில்:

விலங்குகளுக்கு உணவளிக்காதீர். மீறினால் தண்டிக்கப்படுவீர்.

தட்டிலுள்ள அணுக்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய குழம்பை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் குழம்பு ஊற்ற வேண்டும். அதுதான் அவற்றின் சாப்பாடு. இரண்டு வேளை தவறினால் அவ்வளவுதான். பட்டதாரி உறிகுழாயைக் கையில் எடுத்ததும், மிருகக்காட்சிசாலையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த காவலர் விசில் ஊதினார்.

"மேடம், போர்டு பாக்கலையா?"

"நான் குடுக்கலைன்னா செத்துப்போயிடும்யா!"

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க மேடம். குரங்குக்கு வேர்க்கடலை போட்டவரும் இதேதான் சொன்னார்."

"இது குரங்கு இல்ல."

"குரங்குக்கே கூடாதுன்னா நீர்நாய்க்கு எப்படி மேடம் கூடும்?"

அந்தத் தர்க்கத்தை உடைக்க அவளுடைய பட்டம் போதவில்லை. கடைசியில் அக்காதான் நாலு மேசை ஏறி இறங்கி, அவளுக்கு 'உணவூட்டுநர் (கூடுதல் பொறுப்பு)' என்று ஒரு பதவியை வாங்கித் தந்தாள். பதவியோடு சேர்ந்து சீருடையும் வந்தது. விலங்குக்கு உணவூட்டுகிறவர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருக்க வேண்டும், கையில் வாளி இருக்க வேண்டும். அன்று முதல் அவள் பூட்ஸ் சத்தம் டப்டப்பென்று கேட்க, நுண்ணுயிர் புகாத ஆய்வறைக்குள் வாளியோடு போனாள். வாளிக்குள் விரல் நீளத்துக்கு ஓர் உறிகுழாய் மட்டும் கிடந்து உருண்டது.

ஒருமுறை ஒரு தட்டில் பூஞ்சை பிடித்தது. வழக்கமாக அதைக் கிருமிநாசினியில் போட்டுக் கழுவிவிடுவார்கள். இப்போது முடியுமா? ஒரு நீர்நாய் இறந்திருக்கிறது! பிரேதப் பரிசோதனைக்காகத் தட்டு, வெள்ளைத் துணி போர்த்திக் கொட்டகைக்குப் போனது.

கொட்டகையின் மருத்துவர் பட்டதாரியைவிட நாலைந்து வயது மூத்தவள். மையத்துக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மாட்டு டாக்டர். முன்பு மாடு பார்த்தவள் என்பதால் மட்டுமல்ல, அவர்களிடம் அவள் பேசும் தொனியாலும். மாட்டு டாக்டர் போனில் கூப்பிட்டாள்.

"ஏண்டி, போஸ்ட்மார்ட்டத்துக்கு ஒரு தட்டு வந்திருக்கு. எங்கேருந்துடி அறுக்கிறது?"

"ஏதாவது எழுதி அனுப்புக்கா. இல்லைன்னா என்னை விசாரிப்பாங்க."

மருத்துவர் எழுதி அனுப்பினாள்: 'மரணத்துக்குக் காரணம் பூஞ்சை. உடலில் காயங்கள் இல்லை. உடலும் இல்லை.' மையத்தில் அதைப் படித்துத் திருப்தியடைந்தார்கள். ஒரு நிமிட மௌனம் நடந்தது. இழப்பை ஈடுகட்ட அவள் இன்னொரு தட்டின் அணுக்களை இரண்டாகப் பிரித்து வைத்தபோது, சுகப்பிரசவம் என்று மிட்டாய் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரே ஒரு காரணம்தான். விலங்குகள் மேல் நடக்கும் சோதனைக்கு ஒப்புதல் தர வேண்டிய நெறிக்குழு கூடி அனுமதி தந்துவிட்டால், மூன்று மருந்தில் எது என்று தெரிந்துவிடும். வாயாடி பிழைத்துக்கொள்வாள்.

நெறிக்குழுவும் ஒருவழியாகக் கூடியது. தலைவர் அவளுடைய விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நல்லா ஆரோக்கியமா இருக்கிற நீர்நாய்களுக்கு, தெரிஞ்சே, வேணும்னே, வாய்ப்புண் நோயை உண்டாக்கப் போறேன்னு எழுதிக் கேட்டிருக்கியேம்மா. உனக்கு மனசாட்சி இருக்கா?"

"சார், அது தட்டு."

"இன்னிக்கு அதைத் தட்டும்பே. நாளைக்கு என்னையே தட்டும்பே."

"நிஜமான நீர்நாய் பின்னாடி கொட்டகையில இருக்கு சார். மீனைக் கடிக்க முடியாம கிடக்கு. இந்தச் சோதனையே அதுக்காகத்தான்."

தலைவர் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். உறுப்பினர்கள் பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

"அது தனி விஷயம்" என்றார் தலைவர். "நிஜ நீர்நாய் இந்தக் குழுவோட வரம்புக்குள்ள வராது. இங்க நாங்க செல்லோட நலனுக்கு மட்டும்தான் பொறுப்பு. நிஜத்தையெல்லாம் உள்ள கொண்டுவந்தா அப்புறம் குழுவே நடத்த முடியாது. மறுபரிசீலனைக்கு உரிய காலத்துல எடுத்துக்குவோம்."

கிணறு வெட்டப் போனால் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே கிணற்றை வெட்டி, தண்ணீரும் வந்த பிறகு, பூதம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு 'தண்ணீருக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வது?' என்று கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் இயக்குநரின் அறைக்குப் போய்த் தேதி கேட்டதும், மின்விசிறி தவிர மற்றதெல்லாம் நின்றதும்.

இயக்குநர் அறையிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனாள். மாட்டு டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அரைத்த மீனை ஒரு கரண்டி நுனியில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். வாயாடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். மறுபடி திருப்பிக்கொண்டாள். முன்பு ரோமம் பளபளத்த இடத்தில் இப்போது விலா எலும்பு தெரிந்தது.

"பசிக்குது. வலிக்குது. அதான் கோவம்" என்றாள் மருத்துவர். "கத்தவாவது கத்துடின்னு சொல்றேன். கத்த மாட்டேங்கிறா."

"தேதி கேட்டேன்க்கா."

"அடிப்பாவி! கேட்டுட்டியா? என்ன சொன்னாரு?"

"உரிய காலமாம்."

மருத்துவர் கரண்டியைக் கீழே வைத்தாள். "இவளுக்கு அவ்வளவு காலம் இல்லடி. அதிகம் போனா ரெண்டு வாரம். ஒண்ணு பண்ணட்டுமா? மூணு மருந்துல ஒண்ணை, கண்ணை மூடிட்டுக் குத்திடறேன். வந்தா மலை, போனா முடி."

"போறது முடி இல்லக்கா. இவ."

வாயாடி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு, இந்த இரண்டு பேரில் யார் உபயோகமானவர் என்று பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பாவின் கடை. தேதி கேட்ட கதையைச் சொன்னதும் அப்பாவின் கையிலிருந்து கடப்பாரைத் துண்டு நழுவியது.

"மேலதிகாரிகிட்டப் போய் எப்பன்னு கேட்டியா? நானே எந்த கஸ்டமருக்கும் எப்பன்னு சொன்னதில்லையேம்மா! 'இதோ ஆச்சு'ன்னுதான் சொல்லுவேன். நாளைக்கு அந்த ஆளு உன்னை வெளிய அனுப்பிட்டா, இந்தச் செவுத்துல ஒட்டினதை நான் எந்த மூஞ்சியோட கிழிப்பேன்?"

"உங்க கஸ்டமர் ரெண்டு மணி நேரம் வெயில்ல நிப்பாருப்பா. அவ செத்துடுவா."

"யாரு?"

"நீர்நாய்."

"அதான் இருபது இருக்குல்ல?" என்றார் அப்பா.

அவள் சொந்த அப்பாவையே இயக்குநராக்கிவிட்ட செய்தித்தாளை முறைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் விலங்கு வாழிட ஆய்வாளர் வந்தார். ஊர் ஊராகப் போய்க் கூண்டுகளை அளந்து பார்க்கிறவர். இடுப்பில் அளவு நாடா, கழுத்தில் கண்ணாடி, முகத்தில் யாரையும் நம்பாத பார்வை. இயக்குநர், தலைவர், அக்கா, காவலர் எல்லாரும் வெப்பப்பெட்டியின் முன்னால் வரிசையாக நின்றார்கள். பூட்ஸும் வாளியுமாகப் பட்டதாரி கடைசியில் நின்றாள்.

ஆய்வாளர் ஒரு தட்டை நாடாவால் அளந்தார். விதிப்புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"இடம் பத்தாதே. நீந்தறதுக்குத் தண்ணி?"

"குழம்பு இருக்கு சார்" என்றார் இயக்குநர் அவசரமாக.

"ஆழம்?"

"அவங்களுக்கு இடுப்பளவு வரும் சார்."

ஆய்வாளர் குனிந்து, கண்ணாடியை மாட்டி, தட்டுக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வது தன் பதவிக்கு அழகல்ல என்பது மட்டும் தெரிந்தது.

"மெலிஞ்சிருக்கு" என்றார்.

பிறகு நிமிர்ந்தார். அவர் முகம் சிவந்தது. "இது என்ன அநியாயம்! ஒவ்வொண்ணையும் தனித்தனியா அடைச்சு வெச்சிருக்கீங்க? நீர்நாய் கூட்டமா வாழற பிராணி சார். தனியா வெக்கிறது கொடுமை. விதியில தெளிவா இருக்கு. தாய் எங்க?"

"பின்னாடி கொட்டகையில..." என்று இழுத்தார் இயக்குநர்.

"குட்டி இங்க, தாய் அங்கயா? சேத்து வைங்க முதல்ல!"

"சார், அந்தத் தாய்க்கு நோய். தொத்து நோய். குட்டிங்களுக்கும் வந்துடுமே!" என்று பதறினார் நெறிக்குழுத் தலைவர்.

"வந்தா டாக்டர் பாப்பாங்க" என்றார் ஆய்வாளர், எரிச்சலோடு. "நோய் வந்த விலங்கு டாக்டர் பொறுப்பு. அதுல நீங்களும் தலையிட முடியாது, நானும் தலையிட முடியாது, எந்தக் குழுவும் தலையிட முடியாது. எந்த மருந்து குடுக்கணும்னு டாக்டர் யாரையும் கேக்க வேண்டியதில்ல. தாய்கிட்டேருந்து குட்டியைப் பிரிக்கிறதுதான் குற்றம்."

பட்டதாரியின் கையிலிருந்த வாளி லேசாக ஆடியது. உள்ளே உறிகுழாய் ஒருமுறை 'டங்' என்றது. மூளைக்குள் கேட்டதும் ஏறக்குறைய அதே சத்தம்தான்.

தட்டைத் தட்டு என்று சொல்லிச் சொல்லித்தானே இத்தனை நாள் தோற்றாள்! இருபதும் நீர்நாய் என்றே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? தாயின் எச்சில் குட்டியின் மேல் படத்தான் செய்யும். பட்டால் நோய் வரத்தான் செய்யும். வந்தால் டாக்டர் மருந்து தரத்தான் செய்வாள். ஏழு குட்டிக்கு முதல் மருந்து, ஏழுக்கு இரண்டாவது, மிச்சத்துக்கு மூன்றாவது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அக்கா பயந்துபோய்த் திரும்பினாள்.

"சார்" என்றாள் ஆய்வாளரிடம், மிகுந்த பணிவோடு. "எப்பக்குள்ள சேத்து வெக்கணும்?"

இயக்குநர் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஆனால் ஆய்வாளர் வெளியூர்க்காரர். அந்தக் கட்டடத்தின் மரியாதைகள் அவருக்குத் தெரியாது.

"இது என்ன கேள்வி? இன்னிக்கே" என்றார்.

அந்தச் சுவர்களுக்குள் முதன்முதலாக ஒரு தேதி உச்சரிக்கப்பட்டது. சுவர்கள் இடிந்துவிடவில்லை.

ஆய்வாளரின் வண்டி கிளம்பியதும் அவள் சந்தில் நின்று போன் செய்தாள். மறுமுனையில் மாட்டு டாக்டர் முழுதாகக் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த வழி தெரியாமல் இருமினாள்.

"கொண்டுவாடி என் பேரப்பிள்ளைங்கள! ஆமா, வந்தா யாரு பாத்துக்கிறது? மாட்டுக்கு ஊசி போடச் சொன்னா போடுவேன். தட்டுக்குச் சோறு ஊட்ட எனக்குத் தெரியாது."

"நான் இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நல்லா ஆகுற வரைக்கும். வாயாடி மட்டும் இல்லக்கா, ஆத்துல இருக்கிறதும். அங்க ஒரு உதவியாள் இடம் காலியா இருக்குன்னியே."

"அதுக்குப் பதவிப் பேரு எதுவும் கிடையாதுடி. மீன் வெட்டணும், தொட்டி கழுவணும்."

"பூட்ஸ் கைவசம் இருக்கு" என்றாள் பட்டதாரி. பிறகு யோசித்து, "இல்ல, அது மையத்தோடது. வேற வாங்கிக்கிறேன்" என்றாள்.

மதியத்துக்குள் இருபது தட்டையும் பயண வெப்பப்பெட்டிக்குள் அடுக்கினாள். மருந்துக் குப்பிகளும் குழம்புப் புட்டியும் 'வழித்துணை உணவு' என்று உடன் ஏறின. பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் ஜோடியாக வைத்தாள். அடையாள அட்டையைக் கழற்றி வாளிக்குள் போட்டு, வாளியை அக்காவின் மேசை மேல் வைத்தாள். அக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். பிறகு மூடியில் சிரித்துக்கொண்டிருந்த நீர்நாயின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வாசலில் காவலர் மறித்தார். "மேடம், விலங்கு வெளிய போகுதுன்னா பெட்டியில காத்து ஓட்டை இருக்கணும்."

"இருக்கு."

"குடிக்கத் தண்ணி?"

"அதுலதான் மிதக்குதுங்க."

"கூட ஒரு காப்பாளர் போகணுமே?"

"நான்தான்."

காவலர் திருப்தியோடு கதவைத் திறக்கப் போனபோது, மாடிப்படியில் இயக்குநர் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. உரிய காலத்துக்கு முன்பே எங்கும் போய்ச் சேர்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"அம்மா! நில்லும்மா! நாளைக்கு மந்திரி வர்றாரும்மா. குட்டிங்களைப் பாக்கணும்னு ஆசையா சொல்லியிருக்கார். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனா நான் எதைக் காட்டுவேன்?"

"காலித் தட்டு இருபது உள்ள அடுக்கி வெச்சிருக்கேன் சார். கழுத்துப்பட்டை மாட்டியிருக்கேன். விளக்கைப் போட்டுக் காட்டுங்க, அழகா இருக்கும்."

இயக்குநர் யோசித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "வித்தியாசம் தெரியாதுல்ல?"

"ஆய்வாளருக்கே தெரியல சார்."

"கெட்டிக்காரிம்மா நீ!" என்றார், மனதாரவே. "நான் அப்பவே நினைச்சேன். திரும்பி வந்ததும் உன்னைத் தலைமை உணவூட்டுநரா ஆக்கிடறேன். ரெண்டு வாளி. அறைக்கதவுல பேரு. சரிதானே?"

அவள் அந்தப் பஞ்சுமெத்தை முகத்தைப் பார்த்தாள். கோபப்படலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். கைக்குள் பெட்டி சூடாக இருந்தது. அந்தச் சூட்டைக் கோபத்தில் ஆறவிட மனம் வரவில்லை.

"வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"போயிட்டு எப்பம்மா வருவே?"

கேட்டுவிட்டார். அவர் வாயாலேயே கேட்டுவிட்டார். மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டதாரி திரும்பிப் பார்க்கவில்லை.

"உரிய காலத்துல சார்."

காவலர் கதவை அகலத் திறந்து, விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். அவளுக்கல்ல, பெட்டிக்கு. சந்தின் மறுமுனையில் கொட்டகையின் தகரக் கதவு திறந்திருந்தது. அவள் வெறுங்காலோடு, பெட்டியை ஆட்டாமல், காலை மட்டும் எட்டிப் போட்டு நடந்தாள்.